டீச்சருக்கு ஒரு நாற்காலி

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது மேல்மலைக்கே தெரிந்த விஷயம். அதனால்தான் பள்ளிக்கூடத்திலிருந்து என் நாற்காலி காணாமல் போனதும் ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. டீச்சர் யாரோ பெரிய அதிகாரியை எதிர்த்துப் பேசியிருக்கிறாள். தண்டனையாக நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார வைத்துவிட்டார்கள். இதுதான் ஊர்ப்பேச்சு. எனக்கு மட்டும் வெகுநாள் அது வந்து சேரவில்லை.

நடந்தது வேறு. இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது. கூக்கால் போகிற சாலையில் ஓர் ஊர்ப் பள்ளியில் அப்போது நான் வேலை பார்த்தேன். தலைமையாசிரியரும் நானும், ஆக இரண்டே பேர். ஐந்து வகுப்புகளையும் நாங்களே பங்கு போட்டுக்கொள்வோம். கோடைக்கானலிலிருந்து காலையில் ஒரு பஸ். அதை விட்டால், பூண்டு மூட்டை ஏற்றப் போகும் ஜீப்பில் தொற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

புதிய முறைக்கான பயிற்சியில், இனி மேடை கிடையாது, மேசை கிடையாது, ஆசிரியரும் குழந்தைகளோடு பாயில்தான் உட்கார வேண்டும் என்றார் பயிற்சி கொடுத்தவர். நான் பழனியில் பிறந்து வளர்ந்தவள். வெயில் ஊர்க்காரிக்கு மேல்மலைக் குளிர் எப்போதுமே ஒத்துக்கொண்டதில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கவும் எனக்குத் தெரியாது. எழுந்து நின்று, "சார், பழனியில தாராளமா உக்காரலாம். எங்க ஸ்கூல்ல மார்கழி மாசம் சிமெண்டுத் தரையில உக்காந்தா, எந்திரிக்க ரெண்டு பேர் கை குடுக்கணும்" என்றேன். கூடம் முழுக்கச் சிரித்தது. பயிற்சி கொடுத்தவர் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் இதை ஊர் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். அவர் ஒரு பங்கு சொல்ல, கடை பத்துப் பங்காக்கிக்கொண்டது.

மேசை, நாற்காலி, இருந்த நாலைந்து பெஞ்சுகள் எல்லாம் சத்துணவு அரிசி மூட்டை வைக்கும் பின்னறைக்குப் போயின. சுவரின் அடிப்பகுதியில், குழந்தை உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்துக்குச் சுற்றிலும் கரும்பலகை பூசினோம். ஆளுக்கு ஒரு கட்டம். மேலே அவரவர் பெயர். தலைக்கு மேல் கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் தொங்கவிட்டோம். பாடப் புத்தகம் போய் அட்டைகள் வந்தன. ஒவ்வோர் அட்டையிலும் ஏதாவது ஒரு விலங்கின் படம் இருக்கும். சுவரில் ஒட்டிய ஏணியைப் பார்த்து, தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு, அந்தப் படத்துக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து குழந்தை தானே போய் எடுத்துவர வேண்டும். அதை முடித்தால் அடுத்த படி. ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே பாயில் இருக்கலாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு அந்த முறையின் மேல் அரை நம்பிக்கைதான் இருந்தது. மலை ஈரத்தில் அட்டைகள் சுருண்டன. தட்டு மாறின. ஓர் அட்டை தொலைந்தால் ஒரு பிள்ளைக்குப் படியே தொலைந்தது. பார்வைக்கு வருகிறவர்கள் குழந்தைகளைவிடக் கம்பியில் தொங்கும் படங்களைத்தான் அதிகம் பார்த்தார்கள். தலைமையாசிரியர், "நம்ம சோலி பாடம் நடத்துறதா, சீட்டுக்கட்டு அடுக்குறதா?" என்று தினமும் ஒரு தடவை கேட்பார்.

ஆனால் ஒரு பெண் குழந்தை விஷயத்தில் நான் அதை முழுசாக நம்பினேன். மூன்றாம் வகுப்பு. அதற்கு முந்தைய இரண்டு வருஷங்களையும் அவள் கூட்டத்தோடு வாயசைத்தே ஓட்டியிருந்தாள். வகுப்பே ராகம் போட்டுப் படிக்கும்போது அவள் உதடும் அசையும். தனியாக எழுப்பினால் தரையைப் பார்ப்பாள். அட்டை வந்த பிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதல் படியிலிருந்து தொடங்கினாள். யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை; அவரவர்க்கு அவரவர் அட்டை. கார்த்திகைக்குள் எழுத்துக் கூட்டினாள். பொங்கல் முடிந்து வந்தபோது தன் கட்டத்தில் தானாகவே 'பூண்டு' என்று எழுதிவிட்டு, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்தாள். பூண்டு எடுக்கிற நாட்களில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே தங்கிவிடுவாள். வாரக் கணக்கில் வரமாட்டாள். முன்பெல்லாம் அப்படிப் போன பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்கும். இப்போது, விட்ட அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இத்தனை நாள் எங்கே போனாய் என்று அட்டை கேட்பதில்லை. நான்தான் கேட்பேன்.

அவளுடைய அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஏழெட்டு வயதில் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் மேல்மலையில் தங்கிய குடும்பம். பூண்டு, கேரட் காடுகளில் கூலி வேலை. பள்ளிக்கு வந்தால் வாசலைத் தாண்டமாட்டார். கூட்டம் நடத்தினாலும் கதவோரமாக, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றபடியே இருப்பார். உட்காருங்கள் என்றால், "இருக்கட்டும் டீச்சர்" என்பார்.

மாசி மாதம் ஒருநாள், வேலை முடிந்து மண் கையோடு வந்து அதே கதவோரம் நின்று ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். பிறகு கேட்டார்.

"எம் மக எத்தினாங் கிளாசு டீச்சர்?"

"மூணாங் கிளாஸ்."

"அப்ப ஏன் ஒண்ணாங் கிளாசுப் புள்ளைங்களோட குந்தியிருக்கா?"

நான் ஏணி, படி, அட்டை எல்லாம் விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது புள்ளக் காம்பரா மாதிரியில்ல இருக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போக ஓர் அறை இருக்கும். சாக்கு விரித்து எல்லாக் குழந்தைகளையும் போட்டிருப்பார்கள். அதுதான் பிள்ளைக் காம்பரா. கொஞ்சம் வளர்ந்தால் தோட்டத்துப் பள்ளிக்கூடம். அதுவும் ஒரே அறை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் தரையில்.

"அங்க நாக்காலியில உக்கார்றது தொரையும் கணக்கப்பிள்ளையுந்தான். நாங்கெல்லாம் தர. எங்கப்பா எங்களக் கப்பல் ஏத்திக் கூட்டியாந்தது மறுபடி தரையில குந்தவா டீச்சர்? வர்ற ஜூன்ல இவள வேன்ல ஏத்திவிடப் போறேன். அங்க பெஞ்சு இருக்கு. கிளாசு இருக்கு."

வேன் என்றால், கீழே இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் மஞ்சள் வேன். எங்கள் ஊர் வளைவுவரைக்கும் வர ஆரம்பித்திருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"பெஞ்சா படிக்க வைக்கும்? இவ இப்பத்தான் எழுத்துக் கூட்டுறா. அங்க கொண்டு போய்ப் போட்டா மறுபடி வாயடைச்சிரும்."

"நீங்க பெஞ்சுல உக்காந்துதான டீச்சர் ஆனீங்க?" என்றார் அவர். குரலை உயர்த்தவேயில்லை.

அவர் போன பிறகு ஆயிரம் பதில் வந்தது. ஜூனுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் இந்தப் பெண் கடகடவென்று வாசித்துவிட்டால் அம்மா மனசு மாறிவிடும் என்று கணக்குப் போட்டேன். அந்த மூன்று மாதமும் எனக்கு வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோடைக்கானலில் ஒரு பெரிய பள்ளியில் உலகளாவிய கற்றல் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். எங்கள் வட்டாரத்திலிருந்து சிலரை அழைத்திருந்தார்கள், நானும் போனேன். பரீட்சை வேண்டுமா வேண்டாமா, தாய்மொழியில் எதுவரை சொல்லித்தருவது, பிள்ளைகளைப் பாஸ் பெயில் என்று பிரிப்பது சரியா என்று பேசினார்கள். உலகம் முழுக்க இதே சண்டைதான் நடக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். தரையில் வட்டமாக உட்கார்ந்தால் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உள்ள உயரம் குறைகிறது என்று ஒருவர் படம் போட்டு விளக்கினார். தரையில் உட்காருவதன் பெருமையை நாங்கள் எல்லோரும் மெத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டோம். முடிவில், மலைக் கிராமத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க எங்கள் பள்ளிக்கு வருவதாக ஏற்பாடாயிற்று.

அன்று வெள்ளனே வந்து பெருக்கி, படங்களை மாற்றிக் கட்டினோம். "ஏலே, அந்தத் தட்டுகள வெரசா அடுக்குங்கலே, கார் சத்தம் கேக்குது" என்று தலைமையாசிரியர் பிள்ளைகளை விரட்டினார். மேற்பார்வையாளர் ஒருவரும் வெளிநாட்டுக்காரர்கள் நாலு பேரும், மொழிபெயர்க்க ஓர் இளைஞரும் வந்தார்கள். அவர்களில் உயரமான ஓர் அம்மாள், தன் நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியை, வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நம்முடைய பெண் தன் அட்டையை அவரிடம் கொண்டுபோய்க் காட்டி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். அவர் புரிந்த மாதிரியே தலையாட்டினார்.

இதை அவள் அம்மா பார்க்க வேண்டுமே என்று நினைத்தேன். நினைத்த மாதிரியே வாசலில் அவர் நின்றார். தலையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.

பின்னால் காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர். அந்த அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். நாற்காலியை இறக்கி என் பக்கத்தில் வைத்தார். மேற்பார்வையாளரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அய்யா, எங்க டீச்சர் வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. மனசுல ஒண்ணும் கெடையாது. அதுக்காவ நாக்காலியப் புடுங்கித் தரையில உக்கார வச்சது சரியில்லீங்க. இத நாங்க குடுக்குறோம். இதுலயாவது உக்கார வுடுங்க."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேற்பார்வையாளர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பு வேறு வந்தது. தலைமையாசிரியர் கம்பியில் தொங்கிய ஒரு மயில் படத்தை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். ஊர்ப்பேச்சு முழுவதும் அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விளங்கியது. மேற்பார்வையாளர், இது தண்டனை இல்லையம்மா, இதுதான் புது முறை, இவர்கள் ஊரிலும் இப்படித்தான் என்று எடுத்துச் சொன்னார். மொழிபெயர்த்ததைக் கேட்டு உயரமான அம்மாளும், ஆமாம், நானும் கம்பளத்தில் பிள்ளைகளோடுதான் உட்காருவேன் என்றார்.

பெண்ணின் அம்மா மொழிபெயர்த்த இளைஞர் பக்கம் திரும்பினார். "அவுங்க ஊருல டீச்சருக்கு நாக்காலியே கெடையாதாமா? கேளுங்க தம்பி."

கேட்டார்கள். இருக்கிறது, கால் வலித்தால் அதில் உட்காருவேன் என்று பதில் வந்தது.

"கேட்டீங்களா டீச்சர்? இருக்காம். இருந்துக்கிட்டுத் தரையில உக்கார்றது வேற."

நான் எழுந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முறைக்கு விரோதம்தான். உட்காராமல் இருந்திருந்தால், மலையேற்றத்தில் அதைத் தலையில் சுமந்து வந்தவர் முகத்தில் என்னால் விழிக்க முடிந்திருக்காது. பெண்கள் எல்லோரும் திருப்தியாகச் சிரித்தார்கள். பாயில் உட்காரும் ஆசிரியையைப் படம் எடுக்க வந்தவர்கள், நாற்காலியில் உட்கார்ந்த ஆசிரியையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

தண்டனை இல்லை என்று தெரிந்ததும் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இவ்வளவு பிரியம் இருக்கிறதே, இனிப் பெண்ணை விட்டுவைப்பார் என்று நம்பிக் கேட்டேன்.

"நீங்க நல்ல டீச்சர்தான். அதுக்குத்தான் நாக்காலி. ஆனா அவளுக்குப் பெஞ்சு வேணும்" என்றார்.

ஜூன் வந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரமும் மஞ்சள் வேன் கிளம்பும் நேரமும் ஒன்று. ஜன்னலோரம் டை கட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். எனக்கு அழுகை வந்தது. கோபம் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டு அன்று முழுக்க எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். சுவரில் அவள் பெயருள்ள கட்டத்தை அழிக்க மனசு வரவில்லை. "புதுசா ஒரு பய சேந்திருக்கான், அந்த எடம் சும்மாதான கெடக்கு" என்றார் தலைமையாசிரியர். அவனுக்குக் கதவுப் பக்கம் புதிதாக ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தேன். சிவப்பு நாற்காலி மூலையில் இருந்தது. கால் மரத்துப்போகும்போது அதில் உட்காருவேன். பார்வைக்கு வந்த யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்த முறையும் பிறகு மாறியது. அட்டை குறைந்து புத்தகம் திரும்பி வந்தது. எது நல்லது என்று இன்றைக்கும் வாதம் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் அந்த வாதம் எங்கே எழுந்தாலும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு சனிக்கிழமைதான்.

அதே வருஷம், காலாண்டுப் பரீட்சை முடிந்த சமயம். மழை விடுமுறைக்கு ஈடாக அன்று எங்களுக்குப் பள்ளி இருந்தது; வேன் பள்ளிக்கு இல்லை. பனிமூட்டத்தில் எதிரே வருகிறவர் தெரியவில்லை. வாசலில் அம்மாவும் மகளும் நின்றார்கள். மகள் அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்திருந்தாள்.

"பெஞ்சு குடுத்தாங்க டீச்சர்" என்றார் அம்மா. "கடைசிப் பெஞ்சு. இங்கிலீசு வரலன்னு போன மாசம் ஒண்ணாங் கிளாசுல எறக்கி உட்டுட்டாங்க. சின்னதுங்கல்லாம் இவளப் பாத்துச் சிரிக்குதுங்க. வூட்லயும் பேசுறதக் கொறச்சிட்டா."

நான் அன்றைக்கே சொன்னேனே என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. என் வாழ்நாளில் நான் விழுங்கிய வார்த்தைகள் மிகக் குறைவு; அதில் இது ஒன்று.

"இங்கயும் சின்னதுங்களோடதான் குந்துனா. ஆனா யாரும் சிரிக்கல" என்று அவரே சொன்னார். பிறகு தயங்கி, "திரும்பச் சேத்துக்குவீங்களா? ஒரே ஒரு பெஞ்சு மட்டும் அவளுக்குப் போட்டுக் குடுங்க டீச்சர்" என்றார்.

பின்னறைப் பெஞ்சுகளின் மேல் அரிசி மூட்டை இருந்தது. நான் மூலையிலிருந்த சிவப்பு நாற்காலியைக் கொண்டுவந்து அவளுடைய கட்டத்துக்கு எதிரே போட்டு, "உக்காரும்மா" என்றேன். ஏறி உட்கார்ந்தாள். கால் தரையைத் தொடவில்லை. சுவரைப் பார்த்தாள். கரும்பலகை முழங்காலுக்குக் கீழே இருந்தது. தன் பெயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சறுக்கி இறங்கி, தட்டுகள் இருக்கும் இடத்துக்குப் போய், சித்திரையில் விட்டுப்போன அட்டையைத் தேடி எடுத்துவந்து பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். யாரும் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த ஒன்றாம் வகுப்புப் பையன் தன் சாக்பீஸை இரண்டாக உடைத்து ஒரு துண்டைக் கொடுத்தான்.

நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். குளிர் எலும்புக்குள் ஏறியது. அந்த அம்மா வாசலில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி காலியாகக் கிடந்தது.

"உள்ள வந்து உக்காருங்க" என்றேன்.

"அய்யோ, நீங்க கீழ இருக்கீங்க டீச்சர்."

"எனக்குத்தான் நாற்காலி இருக்கே. நீங்கதான குடுத்தீங்க. இருந்துக்கிட்டுத் தரையில உக்காந்திருக்கேன். நீங்க அதுல உக்காருங்க."

வந்தார். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு முதலில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். மகள் ஒரு சொல்லை எழுத்துக் கூட்டி, அழித்து, மறுபடி எழுதினாள். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர், எப்போது என்று தெரியவில்லை, முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டார்.

வளைவில் காட்டு ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. வேலைக்குப் போகிற பெண்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பி, பனிக்குள் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"நீங்க போங்கடி. நான் இங்க உக்காந்திருக்கேன்."